மாயவன் தரைக்கு வந்த விதம்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இறந்துபோன மாயவன், வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் தரையிலிருந்து மூன்று முழ உயரத்தில் கிடந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து மலையடிவாரம் பார்த்துப் போகும் டவுன் பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊர் நாவப்பட்டு. அங்கே தன் வீட்டு வாசலில், முருங்கை மரத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே, கையிரண்டும் மார்மேல் இருக்க, கண்ணுக்குத் தெரியாத கட்டில் ஒன்றில் படுத்திருப்பவர் போல மல்லாந்து கிடந்தார். காற்றடித்தால் லேசாகத் திரும்புவார். கோமுகி அணைப்பக்கம் போய்விடப் போகிறார் என்று இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மாடு கட்டும் முளைக்குச்சியில் முடிந்து வைத்திருந்தார்கள். மாட்டை வேறு இடத்தில் கட்டினார்கள். மூன்று நாளும் உடம்பு கெடவில்லை. கரும்பாலையில் பாகு இறக்குகிற நேரத்து வாசனை மட்டும் அவரைச் சுற்றி இருந்தது. எறும்புகள் முருங்கை மரத்தில் ஏறி, கிளை நுனி வரைக்கும் வந்து, எட்டாது என்று தெரிந்ததும் வந்த வழியே இறங்கிப் போயின.

ஒரேயடியாக அவர் மூன்று முழம் ஏறிவிடவில்லை. முதலில் கயிற்றுக் கட்டிலிலிருந்து நான்கு விரல்தான் எழும்பியிருந்தார். களை எடுக்கப் போய்விட்டுத் திரும்பிய மருமகள் இசைவாணிதான் முதலில் பார்த்தாள். மாமா ஏன் கட்டிலில் படாமல் படுத்திருக்கிறார் என்று முதுகுக்கடியில் கையை விட்டுப் பார்த்தாள். காற்றுதான் தட்டியது. பிறகு மூக்கருகே கை வைத்தாள். அங்கே காற்று இல்லை. அவள் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. தலையாரி பிச்சைமுத்து வந்து பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்.

"நெஞ்சுவலி. எழுதிக்கலாம். ஆவ வேண்டியதைப் பாருங்க."

அவர் வாய் மூடியதும் மாயவன் ஒரு முழம் மேலே போனார்.

நாவப்பட்டில் இருபத்தேழு வருஷமாக எல்லோரும் நெஞ்சுவலியில்தான் இறந்துகொண்டிருந்தார்கள். கிணற்றில் விழுந்தவருக்கும் நெஞ்சுவலி. நல்லபாம்பு தீண்டியவருக்கும் நெஞ்சுவலி. தொண்ணூற்றாறு வயதில் தூக்கத்திலேயே போன கிழவிக்கும் நெஞ்சுவலி. ஒருமுறை வேப்பமரத்தடியில் நின்ற ஆள்மேல் இடி விழுந்தபோது, மரத்துக்கு இடி, ஆளுக்கு நெஞ்சுவலி என்று பிரித்து எழுதினார்கள். இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. வேறு ஏதாவது சொன்னால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள், அறுத்த உடம்பை எப்படிக் குளிப்பாட்டுவது என்ற பயம்தான். ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபகாரம் அது. துக்க வீட்டுக்குத் தண்ணீர்க்குடம் தூக்கி வருவது போல, ஒரு பொய்யையும் கூடச் சுமந்து வந்தார்கள்.

ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி புதைகுழிக்குள் போய்ப் படுத்துக்கொள்வதில்லை. இறந்தவருக்குக் கடைசியாகச் சோறு போட்டது யாரோ அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். தெற்குத்தெரு லட்சுமியம்மாளின் புருஷன் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றில் கிடந்தார். ஐந்து ஏக்கர் நஞ்சை உள்ள குடும்பம், அவருக்கும் நெஞ்சுவலி என்றே எழுதி அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து லட்சுமியம்மாள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை, அவ்வளவுதான். கொளுத்துகிற சித்திரையிலும், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார்கள். அந்த அம்மாள் பதினெட்டு வருஷமாக ஒரு பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார். செடி கூரைக்கு மேலே வளர்ந்துவிட்டது.

இந்தச் சொம்பைத் தினமும் தாண்டித்தான் இசைவாணி வேலைக்குப் போவாள். அதனால் மாமனார் அந்தரத்தில் கிடந்தபோது, ஊரிலேயே அவளுக்குத்தான் அதிக பயம் வந்தது. அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. மாயவனுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. சீனி, வெல்லம், வாழைப்பழம் எல்லாவற்றையும் டாக்டர் நிறுத்தச் சொல்லியிருந்தார், இசைவாணி நிறுத்தியிருந்தாள். தினமும் காலையில் கூழ் குடிக்க உட்காரும்போது அவர் முகத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு, "இன்னிக்கி ஒரு நாளு மட்டும், கண்ணு" என்பார். தினமும் அவள், "மாமா, கம்முனு குடிங்க" என்பாள். எட்டு வருஷத்தில் அவள் இளகியது ஒரே ஒரு நாள், அந்தச் செவ்வாய்க்கிழமைதான். ஏன் என்று அவளுக்கே தெரியாது. புதுவெல்லம் வந்திருந்தது, அவர் கேட்டார், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டியை உடைத்துக் கையில் வைத்தாள். ஆறு மணிக்குக் கொடுத்தாள், பதினோரு மணிக்கு அவர் இல்லை.

மாயவனின் தங்கை பச்சையம்மாள் பக்கத்துத் தெருவிலிருந்து மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அண்ணனின் இடது கன்னம் லேசாக உப்பியிருந்ததைப் பார்த்தாள், அழுகையை நிறுத்தினாள்.

"ஏண்டி, எங்கண்ணன் மூஞ்சி ஏன் வீங்கிக்கினு கீது? அடிச்சியா? இன்னா குடுத்த காலையில?"

"கூழு குடுத்தேன், சின்னம்மா."

"கூழு மட்டுமா?"

"கூழு மட்டும்தான்."

மாயவன் இன்னும் ஒரு முழம் ஏறினார். அதை மற்றவர்கள் வெயில் ஏறியதால் என்று நினைத்தார்கள். இசைவாணி மட்டும் சரியாகக் கணக்குப் போட்டாள்.

மறுநாள் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா போடும் மகன் தமிழழகன் கையில் மாவோடு வந்து சேர்ந்தான். அழுதான், பிறகு அப்பாவைக் கீழே இழுக்கப் பார்த்தான். நான்கு பேர் காலைப் பிடித்துத் தொங்கினார்கள், நான்கு பேரும் சேர்ந்து எழும்பினார்கள். வயிற்றின்மேல் அம்மிக்கல்லை வைத்தார்கள், அம்மிக்கல்லும் அவரோடு மிதந்தது. பாடையை அவர் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி எடுத்துப் போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. தெருமுனை திரும்புவதற்குள் பாடை கீழே போக, அவர் மேலே நின்றார். குழி வெட்டினவர்கள் ஏணி வேண்டுமா என்று கேட்டனுப்பினார்கள். பச்சையம்மாள் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு மாதிரி சொல்லிக்கொண்டு போக, அவர் விரல் விரலாக ஏறி, மூன்று முழத்தில் வந்து நின்றார். தமிழழகன் பெண்டாட்டியைப் பார்க்கவும் முடியாமல் அத்தையைப் பார்க்கவும் முடியாமல் முருங்கை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலையில் இசைவாணி அக்கம்பக்கத்தில் ஒரு வாய் காப்பி கேட்டாள். "இப்பத்தான் பாலு தீந்துச்சி" என்றார்கள். கொஞ்சம் கழித்து அவள் தன் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் நீட்டினாள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் கச்சிராயபாளையத்துக்கு நடந்தாள்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. வெங்கடேசன் இருந்தார். இடமாற்றலாகி வந்து நான்கு மாதம்தான். நாவப்பட்டிலிருந்து ஒரு சாவு விசாரணைகூட வராததைப் பார்த்து, ரொம்ப ஆரோக்கியமான ஊர் போலிருக்கிறது, ரிட்டயர் ஆனதும் அங்கே ஒரு மனை வாங்கலாம் என்று நினைத்திருந்தவர்.

"எங்க மாமனாரு செத்துட்டாருங்க. அதுல சந்தேகம் கீதுங்க சார். விசாரிக்கணும்."

"யார்மேலம்மா சந்தேகம்?"

"என்மேலதாங்க."

வெங்கடேசன் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு மனுவை அவர் வாங்கியதில்லை. உன்மேலேயே நீ ஏம்மா எழுதிக் கொடுக்கிறாய் என்று கேட்டார். இசைவாணி லட்சுமியம்மாளின் சொம்பைப் பற்றிச் சொன்னாள். கேட்காமல் புதைத்துவிட்டால் தானும் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றாள். "நான் குத்தம் செஞ்சிருந்தா செஞ்சேன்னு எழுதுங்க, செய்யலைன்னா செய்யலைன்னு எழுதுங்க. ரெண்டுல ஒன்னு எழுதிடுங்க சார்" என்றாள். உடம்பு இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, வாசலில்தான், ஆனால் கொஞ்சம் மேலே, என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எஸ்.ஐ. வந்தார். விசாரணைக்கு ஊர்க்காரர் ஐந்து பேர் பஞ்சாயத்தாராக உட்கார வேண்டும். மாயவன் கரும்பு வெட்டப் போகும் நிலத்துக்காரர் ராஜாங்கம், டீக்கடை இளஞ்செழியன், ஊர்த் தையல்காரர், பால்காரர் என்று நான்கு பேர் தேறினார்கள். ஐந்தாவதாக ஒருவரும் வரவில்லை. கூப்பிடாமலேயே லட்சுமியம்மாள் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு பொது இடத்தில் உட்கார்ந்தது அன்றுதான். பால்காரர் நகர்ந்து இடம் விட்டார், கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்தார்.

பிச்சைமுத்து எஸ்.ஐ.யை ஓரமாக அழைத்துப் போய், "எதுக்குங்க சார் இத்தனை வேலை? நெஞ்சுவலின்னு ஒரு வரி போட்டா ஆச்சி. இதால செத்தவருக்கு இன்னா ஆவப்போவுது?" என்றார்.

"அவருக்கு ஒன்னும் ஆவப்போறதில்ல" என்றார் வெங்கடேசன். "இவருக்காகவா இந்த வெயில்ல வந்தேன்? நாளைக்கு நீங்கல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு டீ குடிக்கணும் இல்ல, அதுக்கு வந்தேன். தள்ளுங்க."

ஃபாரத்தைப் பிரித்தார். பெயர், மாயவன். உடல் கிடந்த நிலை என்ற இடத்தில், டேப் வைத்து அளந்து, வடக்கே தலை, மல்லாந்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் என்று எழுதினார். வயது என்ன என்றார். ஓட்டர் கார்டில் ஐம்பத்தெட்டு என்று போட்டிருப்பதாகத் தமிழழகன் சொன்னான். மாயவன் ஒரு சாண் ஏறினார். எஸ்.ஐ. நாலரையை அடித்துவிட்டு ஐந்தேகால் என்று திருத்தினார். அணை கட்டும்போது பன்னிரண்டு வயதில் மண் சுமந்ததாகச் சொல்வார் என்று ராஜாங்கத்துக்கு ஞாபகம் வந்தது. கணக்குப் போட்டு எழுபத்திரண்டு என்றார்கள். மாயவன் இரண்டு சாண் இறங்கினார்.

எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பெஞ்சில் ஒரு அசைவு உண்டாயிற்று. ராஜாங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார். டீக்கடை இளஞ்செழியன், கடையில் பால் பொங்கும், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். எஸ்.ஐ. உட்காரச் சொன்னார்.

அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது யார் என்பது அடுத்த கேள்வி. செவ்வாய்க்கிழமை அவரை நான் பார்க்கவே இல்லை என்றார் ராஜாங்கம். மாயவன் சடக்கென்று ஒரு முழம் ஏறியதில் கயிறு விறைத்து, முளைக்குச்சி ஆடியது.

"சரிய்யா, பார்த்தேன்" என்றார் ராஜாங்கம். மேலே நிமிர்ந்து, செத்தவரிடமே நேராகப் பேசினார். "ஏழு மணிக்கு ஆலைக்கு வந்தான். கொப்பரையில பாகு இறக்கிக்கினு இருந்தோம். இன்னிக்கி ஒரு நாளு மட்டும், ஐயான்னான். ஒரு கரண்டி ஊத்தினேன். சர்க்கரை வியாதின்னு எனக்கும் தெரியும். பாவமா இருந்துச்சி. போதுமா?"

மாயவன் இறங்கினார். இசைவாணி தலையைத் தூக்கினாள். இன்னிக்கி ஒரு நாளு மட்டும் என்பது அவளிடம் தினமும் காலையில் கேட்ட அதே வார்த்தை.

அதன் பிறகு எஸ்.ஐ.க்குக் கேள்வி கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஏழரைக்குத் தன் கடையில் டீ குடித்தார், நாலு கரண்டி சீனி போட்டேன் என்றார் இளஞ்செழியன். எட்டு மணிக்குத் தன் வீட்டில் திரட்டுப்பால் தின்றார் என்றார் பால்காரர். எட்டேகாலுக்குத் தன் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கமர்கட் என்றார் தையல்காரர். ஒன்பது மணிக்குத் தன் வாசலுக்கு வந்து வெள்ளிமலைப் பலாப்பழத்தில் பதினோரு சுளை தின்றுவிட்டுப் போனார் என்றார் லட்சுமியம்மாள். ஊரில் எனக்கு வாசலில் நின்று பேச இருந்தது அந்த ஒரு ஆள்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மாயவன் ஒரு சாண், அரைச் சாண் என்று இறங்கிக்கொண்டே வந்தார். எல்லோரிடமும் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை மட்டுமில்லை, எட்டு வருஷமாகத் தினமும் சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் அதைத் தனக்கும் மாயவனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். தலையாரி பிச்சைமுத்துகூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு எள்ளுருண்டை அவருக்காக இருக்கும் என்றார். இப்போதும் ஒன்று இருந்தது. எடுத்துக் காட்டினார்.

மாயவன் ஒன்றரை முழத்தில் நின்றார். எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கூடப் பொறந்தவ நானு" என்றாள். மாயவன் எழும்பத் தொடங்கினார். "இருண்ணா, இரு இரு! சொல்லிடறேன்! ரெண்டு அதிரசம் குட்த்தேன். பத்து மணிக்கு. ரெண்டுதான்."

அவர் எழும்புவது நிற்கவில்லை.

"நாலு! நாலுண்ணா! எண்ணையில போட்டு எடுத்தது எடுத்தபடி தின்னியே!" என்று பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நேரமும் அடித்துக்கொண்ட மாருக்குள் அந்த நாலு அதிரசம்தான் இருந்திருக்கிறது. அண்ணன் ஒரு முழத்துக்கு வந்து நின்றார்.

இசைவாணி சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதுதான். ஆனால் எட்டு வருஷமாக வீட்டுச் சீனி டப்பாவைப் பரண்மேல் ஒளித்து வைத்தவள் அவள். வெல்லத்தைப் புடவைப் பெட்டிக்குள் பூட்டியவள். பொங்கலன்றைக்கும் அவருக்கென்று தனியாக வெண்பொங்கல் வைத்தவள். "எட்டு வருஷமா இந்த ஊர்ல நான் ஒருத்திதான் கெட்டவளா இருந்தேனா?" என்று அவள் கேட்க, தமிழழகன் மூன்று நாளில் முதல் தடவையாக முருங்கை மரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

எஸ்.ஐ. ஃபாரத்தை மடிக்கப் போனார். கடைசியாகப் பார்த்தது பச்சையம்மாள், அடித்த காயமில்லை, தாடை இறுகிவிட்டதால் கன்னத்து வீக்கத்தைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும், விஷயம் முடிந்தது. பஞ்சாயத்தாரும் தலையாட்டினார்கள். ஆனால் மாயவன் அந்த ஒரு முழத்திலிருந்து இறங்கவில்லை. காற்றில் மெல்லத் திரும்பி, தலை இசைவாணி பக்கம் வரும்படி நின்றார். இனி யாரும் அவளை ஒன்றும் கேட்கப் போவதில்லை. எல்லோரும் கொடுத்தார்கள், அவள் ஒருத்திதான் கொடுக்கவில்லை என்று அரசாங்கத்துக் காகிதத்தில் எழுதியாகிவிட்டது. சும்மா இருந்தால் ஊரிலேயே நல்லவள் அவள்தான். மீதி ஒரு முழத்துக்குக் குழியை மேடாக வெட்டிக்கொள்ளலாம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்கூட.

அவள் தமிழழகனைப் பார்த்தாள். வாசலில் யாரும் தொடாமல் இருந்த தன் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாள்.

"சார், எழுதிக்குங்க. கூழு மட்டும்னு சொன்னது பொய். ஆறு மணிக்கு ஒரு வெல்லக்கட்டி குட்த்தேன். நெல்லிக்கா அளவுக்கு இருக்கும். எல்லாரும் குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. நான்தான் குட்த்தேன், நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு மூணு நாளா சோறு தண்ணி எறங்கல."

மாயவன் இறங்கினார். இலை உதிர்வதுபோல ஆடி ஆடி, தன் கயிற்றுக் கட்டிலில், தலை வைக்கும் பக்கத்தில் தலை வைத்து, படுத்தார். கட்டில் கிறீச்சிடக்கூட இல்லை. அவ்வளவு லேசாக இருந்தார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. பச்சையம்மாள்தான் முதலில் பேசினாள். "நெல்லிக்கா அளவா? நாலு அதிரசத்துக்கு முன்னாடி அது எந்த மூலைக்குடி?" தான் ஊற்றியது சின்னக் கரண்டி இல்லை, பெரிய கரண்டி என்றார் ராஜாங்கம். சுளை பதினொன்று இல்லை, பதினைந்து இருக்கும் என்றார் லட்சுமியம்மாள். ஆளாளுக்குப் பழியைத் தன் பக்கம் இழுத்ததில் மாயவன் மறுபடியும் இரண்டு விரல் எழும்ப, எஸ்.ஐ. எழுந்து நின்று சத்தம் போட்டார்: "யாரும் ஜாஸ்தி சொல்லக் கூடாது! கரெக்டா சொல்லுங்க, இல்ல வாய மூடிக்கினு இருங்க!" எல்லோரும் அளவைக் குறைத்துக்கொண்டார்கள். அவரும் இறங்கினார். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மதியம் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் எடையே இல்லாததால் தமிழழகன் ஒரு கையால் தூக்கி வைத்தான். வழியெல்லாம் காற்று இழுக்காமல் இருக்க இசைவாணி ஒரு காலையும் பச்சையம்மாள் ஒரு காலையும் பிடித்துக்கொண்டார்கள். வண்டி குலுங்கியபோதெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கோமுகி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடாதவளுக்குப் பச்சையம்மாள் மடியிலிருந்து ஒரு அதிரசம் எடுத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார். இருதயத்துக்கு ரத்தம் போகிற குழாய்களில் இரண்டு பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வந்திருக்கின்றன, ஐம்பது வருஷ பீடி, வயது, சர்க்கரை எல்லாம் சேர்ந்தது, ஒரு நாளில், ஒரு பண்டத்தில் நடந்த காரியமில்லை, நெஞ்சுவலிதான் என்றார். பிச்சைமுத்து தலையை நிமிர்த்தினார். இருபத்தேழு வருஷத்தில் அவர் சொன்னது முதல் தடவையாக உண்மையாகியிருந்தது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட நெஞ்சுவலிக்கும் கேட்காமல் எழுதின நெஞ்சுவலிக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கு அவருக்கே தெரிந்தது.

"காலையில குட்த்த வெல்லம், டாக்டரம்மா?" என்று இசைவாணி கேட்டாள்.

டாக்டரம்மா ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். வீங்கியிருந்த இடது கன்னத்துக்குள் இது இருந்தது என்றார். பிரித்துப் பார்த்தால், நெல்லிக்காய் அளவு வெல்லக்கட்டி. ஓரம்கூடக் கரையவில்லை. கொடுக்கும்போது அவள் விரல் நகம் பட்ட தடம்கூட அப்படியே இருந்தது. பாகு, டீ, திரட்டுப்பால், கமர்கட், பலாச்சுளை, அதிரசம் எல்லாம் மாயவன் மறுகன்னத்தில்தான் தின்றிருக்கிறார். எட்டு வருஷம் கேட்டு, ஒரு நாள் கிடைத்ததைத் தின்று தீர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது உடம்பில் எடை வந்துவிட்டது. அறுபத்திரண்டு கிலோ. இறக்குவதற்கு நான்கு பேர் மூச்சு வாங்கினார்கள். அறுத்த உடம்பு எப்படியிருக்குமோ என்று பயந்து பயந்து குளிப்பாட்டப் போனவர்களுக்குத் தையல்காரர், தையல் தன் மிஷினைவிட நேராக ஓடியிருப்பதாகச் சொன்னார். அந்த வெல்லத்தை இசைவாணி மறுபடியும் அவர் இடது கன்னத்தில் வைத்து, சூரியன் மலைக்குப் பின்னால் போவதற்குள் அடக்கம் செய்தார்கள். எறும்புகள் வரிசையாகப் பின்னால் வந்தன.

சனிக்கிழமை காலை எஸ்.ஐ. ஒரு கையெழுத்து விட்டுப்போனதென்று திரும்பி வந்தார். ஐந்து பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லட்சுமியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தரவில்லை. "எங்க வூட்டுக்காரரையும் ஒரு வார்த்த கேட்டுடுங்க சார்" என்றார். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது, உடம்பு இல்லை, சட்டத்தில் இடமில்லை என்றார் வெங்கடேசன். "ஆளுங்க அஞ்சு பேரு ஒக்காந்துக்கினுதான கீறாங்க சார். கேளுங்களேன்" என்றாள் இசைவாணி.

பெஞ்சைத் தெற்குத்தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடம்புக்குப் பதிலாக லட்சுமியம்மாள் வாசலிலிருந்த பித்தளைச் சொம்பு, நிறைந்த தண்ணீரோடு, ஒரு சொட்டு சிந்தாமல், மூன்று முழம் எழும்பி நின்றது. எஸ்.ஐ. பழைய காகிதம் ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டார். புருஷனுக்குக் காக்காய்வலிப்பு இருந்தது, பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால் வெளியே சொல்லவில்லை, மோட்டார் போடப் போனபோது வலிப்பு வந்து கிணற்றுக்குள் விழுந்தார் என்றார் லட்சுமியம்மாள். சொம்பு இறங்கியது. வலிப்பு வந்து விழுந்ததை வரப்பிலிருந்து தான் பார்த்ததாகவும், அறுப்பார்களே என்று பயந்து இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டதாகவும் ராஜாங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னார். சொம்பு தரைக்கு வந்தது.

வெயில் அதற்குள் ஏறிவிட்டது. எஸ்.ஐ. குனிந்து சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். ராஜாங்கம் குடித்தார். பால்காரர், தையல்காரர், இளஞ்செழியன், பிச்சைமுத்து, தமிழழகன், பச்சையம்மாள் என்று வரிசை தெருமுனை வரைக்கும் போனது. இசைவாணி மொண்டு மொண்டு கொடுத்தாள். லட்சுமியம்மாள் குடத்தைக் கொண்டுவருவதும் போவதுமாக இருந்தார், மத்தியானத்துக்குள் மூன்று முறை கிணற்றுக்கு ஆள் போயிற்று. அன்று சாயங்காலம் செம்பருத்திக்கு ஊற்றத் தண்ணீர் மிச்சமில்லை. செடி அதற்காக வாடவும் இல்லை.

இப்போதெல்லாம் நாவப்பட்டில் யார் இறந்தாலும் எழும்பத்தான் செய்கிறார்கள். சிலர் ஒரு சாண், சிலர் ஒரு முழம். பிச்சைமுத்து ரிட்டயர் ஆகிவிட்டார், புதிதாக வந்த தலையாரி டேப்போடுதான் வருகிறார். ஐந்து பேர் உட்காருகிறார்கள், கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள், இறந்தவர் இறங்கியதும் டீ வருகிறது. கச்சிராயபாளையத்தில் பந்தல் போடுகிறவர்களுக்கும் இது பழகிவிட்டது. நாவப்பட்டிலிருந்து சாவுக்கு ஆள் வந்தால், அவர்கள் ஒன்றும் கேட்காமல் நீளக் கம்புகளாகப் பார்த்து வண்டியில் ஏற்றுகிறார்கள்.